பால் காய்ச்சிய அன்று கொடுத்த பாஸ்வேர்ட்

எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் அவர் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைத்துச் சம்பாதித்துத்தான் இந்த வீட்டைக் கட்டினார். கட்டியவர் ஒருவருக்குத்தான் அன்றைக்கு உள்ளே வரக் கொடுத்துவைக்கவில்லை. வீடியோ காலில் காட்டுகிறேன் என்றேன்.

"நீ போனப் பிடிச்சா கூரையத்தான் காட்டுவ" என்றார்.

நான் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் அது உண்மை. கையில் போனைப் பிடித்துக்கொண்டு வாயால் நாலு பேரை அதட்டுகிறவள் நான். படம் கூரைக்கும் தரைக்கும் ஆடும். அதனால் கூடத்தில் ஒரு கேமரா வைப்பது என்று முடிவு செய்தார். கீரமங்கலத்தில் இருந்து ஒரு கடைக்காரர் வந்து டிவிக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளை உருண்டை. கழுத்தைத் திருப்பிப் பார்க்கும், நாம் பேசுவதைக் கேட்கும், அங்கிருந்து என் வீட்டுக்காரர் பேசினால் இங்கே வாய் திறக்கும். வைஃபையையும் அந்தக் கடைக்காரரே இழுத்துக் கொடுத்தார்.

எங்கள் பக்கம் பால் பொங்குவதைச் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். எந்தத் திக்கில் வழிந்தது என்று பார்ப்பார்கள். கிழக்கே வழிந்தால் ஒரு பேச்சு, தெற்கே வழிந்தால் வேறு பேச்சு. கிழக்கே வழிந்தது என்று நாமே சொல்லிக்கொண்டால் போதாது, பங்காளிகளும் மாமன் மச்சான்களும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் குவைத்திலும் திருப்பூரிலும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கேமராவின் லாகினையும் பாஸ்வேர்டையும் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். லாகின், இறந்துபோன என் மாமனாரின் செல் நம்பர். பாஸ்வேர்ட், குலசாமி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். "வர முடியாதவுக எல்லாரும் இதுல வந்து பாத்துக்கங்க" என்று கீழே ஒரு வரி. மஞ்சள் தடவிப் பத்திரிகை வைப்பதுபோல அத்தனை மரியாதையாக வைத்தார்.

பால் கிழக்கேதான் பொங்கியது. குரூப்பில் கும்பிடு மழை பொழிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். வாழை மரத்தை அவிழ்த்தோம், வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தோம். பாஸ்வேர்டைப் பற்றி யாருக்கும் நினைப்பில்லை.

அதற்கப்புறம் அந்தக் கேமரா வீட்டில் ஒரு ஆளாகிவிட்டது. என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை அதன் முன்னால் போகும்போதெல்லாம் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். மகன்தானே பார்க்கிறான் என்றால், "மகனா இருந்தாலும் ஆம்பள இல்லையா" என்பார். திருஷ்டி படாமல் இருக்க அதன் நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டும் வைத்தார். யாருக்குத் திருஷ்டி, கேமராவுக்கா, நமக்கா என்று கேட்டேன். என் மகள் வீட்டுப்பாடத்தை அதற்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். திடீரென்று டிவிக்கு மேலிருந்து, "நாலத் தலைகீழாப் போட்டிருக்க பாரு" என்று அப்பா குரல் வரும். இன்னொரு நாள், "ஆளில்லாத எடத்துல பேன் எதுக்குச் சுத்துது?" என்று வரும். கரண்டு பில் அவர் கட்டுவதால் நான் பேனை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். நைட்டியோடு கூடத்தில் உட்காராதே என்று ஒரு நாள் வந்தபோது மட்டும் மூடிக்கொள்ளவில்லை. கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். அவர் அங்கிருந்து மறுபடி என் பக்கம் திருப்பினார். நான் திருப்ப, அவர் திருப்ப, கடைசியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. ஆவுடையார்கோவில் பக்கம் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஒரு நாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து ஒரு பையோடு இறங்கினாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "ஒத்துவரல" என்றாள். மறுநாள் கேட்டதற்கும் அதே வார்த்தை.

அவளை விசாரிக்காத ஆள் இல்லை. மாப்பிள்ளை குடிக்கிறாரா? இல்லை. அடிக்கிறாரா? இல்லை. வேறு பெண் தொடர்பு? அதுவும் இல்லை. "அப்பறம் என்னதாண்டி?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அத்தை காலையில் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். வந்ததும் கூடத்தில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார். அவள் தரையைப் பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால்தான் சொல்லவில்லை என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போவது என்று பேசியாகிவிட்டது. "கொஞ்ச நாள் விடுங்கம்மா" என்று அவள் கெஞ்சினாள். அண்ணனிடமும் கெஞ்சினாள்.

"காரணத்தச் சொல்லு, நான் மாப்பிள்ளைகிட்டப் பேசுறேன்" என்று அவர் போனில் சொன்னார். "ஒண்ணுமே சொல்லாம இருந்தா நான் என்னன்னு பேசுறது?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் அவள் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பொய் நோவு நோகிறவள் முகம் அது இல்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டால் அடுப்படியில் நின்றுகொண்டே தின்றாள். ராஜா வீட்டுப் பெண் மாதிரி வளர்ந்தவள் வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். எனக்கு அவளை அனுப்ப மனசே இல்லை.

ஒரு நாள் அத்தை தோட்டத்துக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூட வேனில் போய்விட்டாள். எனக்கு லேசான காய்ச்சல் என்பதால் பள்ளிக்குப் போகவில்லை. நான் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். கூடத்தில் படுத்திருந்த என் பக்கத்தில் அன்றைக்கு அவளாக வந்து உட்கார்ந்தாள். டிவியில் ஏதோ கோமாளித்தனம் ஓடியது. அவள் வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் நான் சொன்னேன், "நீதான் பிஎட் முடிச்சிருக்கியே, எங்க ஸ்கூல்ல ஒரு எடம் காலியா இருக்கு, கேக்கட்டுமா?" அவள் கண் பளிச்சென்றது. "கேளுங்கண்ணி. ஆனா யாருகிட்டயும் இப்ப சொல்லிறாதீங்க" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அண்ணன் பழப் பையோடு வந்தார். தன்மையான மனுஷர். "தங்கச்சி காபி ரொம்ப நல்லாருக்கு" என்று என்னைப் பாராட்டிவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒடம்பு முடியல, மனசு சரியில்லன்னு சொன்னீங்க அத்தை. டிவியப் பாத்து நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்துச்சாம். வேலைக்குப் போறதுக்கும் ஏற்பாடு நடக்குதாம். எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அவர் கிளம்பியபிறகு அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அவள் டிவி பார்த்துச் சிரித்த அன்றைக்கு வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருத்தி நான். புருஷன் வீட்டைவிட்டு வந்த நாத்தனார் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று நினைக்கிற அண்ணன் பெண்டாட்டி ஊரில் இல்லாமலா போய்விட்டாள்? கணக்கு நேராக என்மேல்தான் வந்து விழுந்தது.

"வீட்டுப் பேச்சு வெளிய போகுது" என்றார் அத்தை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பழப் பையைப் பார்த்துச் சொன்னார்.

"நேராக் கேளுங்கத்தை, நான் சொன்னேனான்னு கேளுங்க" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கத்தக் கத்த நான்தான் சொல்லியிருப்பேன் என்பதுபோல ஆனது. அத்தை ஏசியதுகூட எனக்குப் பெரிதில்லை. நாத்தனார் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்றாள். மறுநாளிலிருந்து அவள் என்னோடும் பேச்சைக் குறைத்துவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆள் நான். என்னையும் நம்ப முடியாது என்று ஆனால் திருவிழா முடிந்ததும் வாயைத் திறக்காமல் மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறிவிடுவாள் என்று பயந்தேன்.

சனிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே வீட்டுக்காரரிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவர் ஏதோ கட்டடத்தின் மொட்டைமாடியில் வேலையில் இருந்தார். காதில் ஹெட்செட், பின்னால் சுத்தியல் சத்தம். "சரி விடு, அம்மா அப்புடித்தான்" என்று வழக்கமான பாட்டைப் பாடினார். அப்போது நாத்தனார் மடித்த துணியோடு கூடத்தைத் தாண்டி அறைக்குப் போனாள். டிவிக்கு மேலே லேசான ஒரு சத்தம். கேமரா என்னை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே திரும்பியது. அறைக் கதவு வரை போய் அங்கேயே நின்றது.

"பேசுறது எங்கிட்ட, அங்க எதுக்கு அவளத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?" என்றேன்.

"நான் எங்க பாக்குறேன்? கையில ஸ்பானர் இருக்கு."

"வெளையாடாதீங்க. இப்பத்தான் திரும்புச்சு."

"சாமி சத்தியமா நான் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆளு போனா தானாத் திரும்புற மாதிரி அதுல ஒண்ணு இருக்கு. ஆனா அத நான் அன்னைக்கே நிப்பாட்டிட்டேனே" என்றார்.

கையில் இருந்த கீரைக் கொத்தைக் கீழே வைத்தேன்.

"அந்தப் பாஸ்வேர்ட் யாருகிட்டல்லாம் இருக்கு?"

"யாருகிட்ட இருக்கு, நம்ம ஆளுககிட்டத்தான்."

"நம்ம ஆளுகன்னா?"

சித்தப்பா, சிங்கப்பூர்ச் சின்னவன், திருப்பூர் மச்சான் என்று சொல்ல ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திக்கொண்டார். குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே முழுசாகத் தெரியவில்லை. பால் காய்ச்சிய அன்று வாசலைத் திறந்துவிட்டோம். சாத்தவே இல்லை. இத்தனை நாளும் இந்தக் கூடத்தில் நாங்கள் அழுதது, சண்டை போட்டது, நைட்டியோடு படுத்தது எல்லாவற்றையும் யாராவது ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து பார்த்திருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துபோய் ஒரு மஞ்சள் பையைக் கேமராவின் தலையில் கவிழ்த்தேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கீரமங்கலம் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, படம் தெரியலையா?" என்று கேட்டார். தெரியத்தான் தெரிகிறது, அதுதான் பிரச்சினை என்றேன். "பாத்துருவோம்" என்று தன் போனை எடுத்தார். அதில் ஒரு பொத்தானைத் தொட்டதும் வரிசையாகப் படங்கள் வந்தன. ஒரு மாட்டுக்கொட்டகை. ஒரு உரக்கடை. யாரோ ஒரு பெரியவர் கட்டிலில் சட்டை இல்லாமல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இந்தா, இது ஒங்க வீடு" என்றார். திரை முழுக்க என் மஞ்சள் பை தெரிந்தது.

"எங்க வீடு ஒங்க போன்ல எதுக்குங்க இருக்கு?"

அவருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "மாட்டுனப்ப செக் பண்ணுறதுக்குப் போட்டது. ரிப்பேர்னு கூப்புட்டா இங்கேருந்தே பாத்துச் சொல்லிறலாம்ல, அதான்..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நான் ஒண்ணும் தொறந்து பாக்குறதில்லக்கா. சத்தியமா. பாஸ்வேர்ட நீங்க போட்டுக்கங்கன்னு சொன்னாலும், யாரும் போட மாட்டேங்கிறாங்க. நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கங்கிறாங்க."

கெட்ட மனுஷர் இல்லை. அந்தப் பெரியவர் வீட்டிலும் சொல்லி அதை எடுத்துவிடுங்கள் என்று ஏசிவிட்டு, முதலில் எங்கள் வீட்டை அவருடைய போனிலிருந்து அழிக்கச் சொன்னேன். என் கண் முன்னால் அழித்தார். அடுத்தது பாஸ்வேர்ட். ஒரே பாஸ்வேர்டை ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்றும், யாருக்காவது காட்ட வேண்டுமானால் அவர் பெயருக்குத் தனியாக அனுமதி கொடுத்து வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றும், வைஃபைக்கும் கடையில் போட்டுக் கொடுத்ததையே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தார். இதையெல்லாம் பால் காய்ச்சிய அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நாங்கள் காதில் வாங்கியிருப்போமா என்பது வேறு விஷயம்.

பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி வேண்டும். அது மாமனாரின் நம்பருக்கு வரும். அந்த சிம் அத்தையின் பட்டன் போனில் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, ஒங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், படிங்க."

"ஓடிபியா? அத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காக."

"நான் ஒங்க மருமகத்தை."

"யாருக்கும்னா யாருக்குந்தான்" என்றார்.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டின் முழுக் கூடத்தையும் உலகத்துக்குத் திறந்துவைத்துவிட்டு, ஆறு எண்ணை என்னிடம் பூட்டி வைக்கிறாரே என்று கண்ணீர்தான் வந்தது. பின்னால் நாத்தனாரின் குரல் கேட்டது. என்னம்மா, யாரு என்று கேட்டாள். அண்ணி கேமரா பாஸ்வேர்டை மாற்றுகிறாளாம் என்று அத்தை சொன்னதும் போனைக் கையில் வாங்கிவிட்டாள். ஓடிபியை ஒரே மூச்சில் படித்தாள்.

"சீக்கிரம் மாத்துங்கண்ணி" என்றாள். அவள் குரலில் இருந்த அவசரம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

லாகினை என் நம்பருக்கு மாற்றினேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். அதோடு உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள் என்று கடைக்காரர் சொன்னார். வீட்டுக்காரரும்தானே என்று கேட்டேன். அவரும்தான் என்றார். இருக்கட்டும் என்று வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவியிருப்பேன். அத்தையின் போன் அடித்தது. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"அத்தை, நல்லாருக்கீங்களா?" மாப்பிள்ளையின் குரல். "கேமரா ஓடலையே. கரண்டு போச்சா?"

அத்தை மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தார். "கரண்டு இருக்கே மாப்ள."

"அப்ப வைஃபை போயிருக்கும். ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போடச் சொல்லுங்க."

"நீங்க எதுக்கு மாப்ள இந்தக் கேமராவப் பாக்குறீங்க?"

"சும்மாதான் அத்தை. நம்ம வீடுதானே" என்றார்.

அத்தை பொத்தானை அமுக்கி அணைத்தார். அத்தனை பேரில் எங்கள் கேமரா நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளைதான். வீட்டைக் கட்டியவருக்குக்கூட இன்னும் தெரியாது. அப்படியென்றால் எந்நேரமும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றுதானே அர்த்தம். நாத்தனார் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதிர்ச்சி அடைந்த முகம் இல்லை அது. தெரிந்த ஒன்று கடைசியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்கிற முகம்.

அத்தை அடுப்படிக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. காலையில் இருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "சாப்புடுத்தா" என்று என் முன்னால் வைத்தார். அத்தை என்னை ஆத்தா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவர். எனக்கு அது போதுமாக இருந்தது. அழுதுகொண்டே தின்றேன்.

அடுத்தது வீட்டுக்காரரின் போன். சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது, பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது.

"என்னையவுமா வெளிய தள்ளிட்ட?" என்றார்.

"எல்லாரையும் தள்ளுனாத்தான் கதவ மூட முடியும்" என்று ஆரம்பித்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். மாப்பிள்ளை போன் செய்ததைச் சொன்னபோது கெட்ட வார்த்தையில் ஏசினார். அது முடிந்ததும் குரல் தணிந்துவிட்டது.

"சரி, அவுக கெடக்காக. எனக்கு மட்டும் அத மறுபடி குடு. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கல. சவுண்டே வைக்க மாட்டேன். இங்க சாப்புட உக்காரும்போது தட்டுக்கு முன்னால போன வச்சுக்கிட்டு நம்ம கூடத்தப் பாப்பேன். யாரும் இல்லாட்டியும் பரவால்ல. பேன் சுத்துறது தெரியும். வெளிச்சம் விழுறது தெரியும். எனக்கு அது போதும்."

பேனுக்காக அவர் ஏசியதும் நான் அணைத்ததும் மனசில் ஓடியது. வெறும் கூடத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் சோறு தின்றிருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்மேல் அவ்வளவு பரிதாபம் எனக்கு வந்ததில்லை. சரி, கொடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாத்தனார் எழுந்து வந்து போனுக்குக் கை நீட்டினாள். அத்தையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே" என்றாள். "காரணம் கேட்டேல்ல?"

"சொல்லுத்தா."

"குடிக்க மாட்டாருதான். அடிக்க மாட்டாருதான். கடையில ஒக்காந்துக்கிட்டே என் போனு எங்க இருக்குன்னு பாப்பாரு. நான் யாருகிட்டப் பேசுனாலும் அது அவரு போன்ல பதிவாகிரும். ராத்திரி வந்து போட்டுக் கேப்பாரு. அடுப்படியில ஒரு கேமரா. துணி காயப்போடுற எடத்துல ஒண்ணு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு வார்த்த பேசுனா ஒடனே போன் வரும், அங்கிட்டு என்ன பேச்சுன்னு. குளிக்கிற எடத்துல மட்டுந்தான் ஒண்ணும் இல்ல. அழணும்னா அங்க போயித் தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு அழுவேன். இத யாருகிட்டச் சொன்னாலும், ஒன்மேல அம்புட்டுப் பாசம்னு சொல்லுவாக."

அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

"இம்புட்டு நாளா ஏத்தா சொல்லல?" அவர் குரல் உடைந்திருந்தது. "அம்மா தெனமும் கேட்டாங்கல்ல?"

"கூடத்துல வச்சுல்ல கேட்டாக. பால் காய்ச்சுன அன்னைக்கே அவரு தன் போன்ல இத வாங்கிப் போட்டுட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். இங்க உக்காந்து நான் என்ன பேசினாலும் அவரு கேப்பாருன்னு தெரியும்ணே. அண்ணி வேலையப் பத்திக் கேட்டப்ப ஒரு நிமிஷம் மறந்து பேசிட்டேன், அதுவும் ஒடனே அங்க போயிருச்சு."

"எடுத்துறச் சொல்லி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேத்தா."

"அது ஒன் கேமராண்ணே. நீ ஆசையா வச்சது. நான் வந்து தங்கியிருக்கவ. எப்புடி எடுன்னு சொல்லுறது?"

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. கூட இருந்தவர்களை விட்டு எழுந்து தள்ளிப் போயிருக்க வேண்டும். "அம்மா" என்று கூப்பிட்டார். "திருவிழாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவள எங்கயும் அனுப்பக் கூடாது. மாப்பிள்ளகிட்ட நான் பேசிக்கிறேன்." அத்தை தலையை ஆட்டினார். ஆட்டியது அங்கே தெரியாது என்று நினைவு வந்து, "அனுப்பலப்பா" என்று சத்தமாகச் சொன்னார்.

அதற்கப்புறமும் அவர் போனை வைக்கவில்லை. நாங்களும் வைக்கவில்லை.

"ஆத்தா" என்றார். "நீ அங்க வந்த நாள்லேருந்து நானும் ஒன்னயப் பாத்துக்கிட்டேதானே இருந்திருக்கேன்?"

"ஆமாண்ணே" என்றாள்.

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் கேட்ட கேள்விக்குத் தங்கை சொல்கிற சாதாரணப் பதிலாகத்தான் சொன்னாள். போனில் அவர் அழுவது கேட்டது. கேமராவை மறுபடி கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி.